புறக்கடையில் கோழிகளைப் பெருக்க எந்த இனம் ஏற்றது?

கேள்வி: வேடசந்தூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நாங்கள் ஆறு பேர் உள்ள குடும்பம். வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் இடத்தில் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழியில் எட்டுப் பெட்டைகளும் ஒரு சேவலும் வளர்க்கிறோம். முட்டை பிள்ளைகளுக்கே போதவில்லை. இருபது கோழிகள் வரை பெருக்கினால் நாளைக்கு ஆளுக்கொரு முட்டை கிடைக்கும், மிஞ்சுவதை விற்கலாம் என்று எண்ணுகிறேன். கொழுந்தனார் பி.வி. 380 என்னும் முட்டைக்கோழியை வாங்கச் சொல்கிறார். சந்தையில் ஒருவர் கருங்கோழிக்குத்தான் மதிப்பு என்றார். மாமியார், நாட்டுக்கோழியைத் தவிர வேறெதுவும் வீட்டுக்கு வரக்கூடாது என்கிறார். எதை வாங்குவது? புதுக்கோழிகளின் முட்டையை எங்கள் கோழிகளுக்கே அடை வைக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

எட்டுச் சிறுவிடைகளில் நன்றாக அடைகாத்துக் குஞ்சு வளர்க்கும் ஐந்தையும் சேவலையும் வைத்துக்கொண்டு, அவற்றோடு புறக்கடைக்கு ஏற்ற முட்டையினங்களான நந்தனம் கோழி-1 அல்லது கிராமப்பிரியா, இவ்விரண்டில் ஒன்றை மட்டும் தேர்ந்து பன்னிரண்டு பெட்டைகளைச் சேருங்கள். முப்பது ஆண்டுகள் கிராமப்புறக் கால்நடை மருந்தகங்களில் பணியாற்றியவன் என்ற முறையில் நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். ஒரே இனம் முட்டையும் நிறைய இட்டு, அடையும் காத்து, தீவனமும் கேட்காமல் மேய்ந்துகொள்ள வேண்டும் என்று எதிர்பார்த்துத்தான் பலர் இனத்துக்கு இனம் மாறிக் கொண்டே இருக்கிறார்கள். முட்டைக்கு ஒன்று, குஞ்சுக்கு ஒன்று என்று வேலையைப் பிரித்துக்கொண்டால் அந்த அலைச்சல் தேவையில்லை.

உங்கள் சிறுவிடைகள் ஏன் குறைவாக இடுகின்றன என்பதை முதலில் பார்ப்போம். ஒரு சிறுவிடைப் பெட்டை ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு முதல் பதினைந்து முட்டைகள் இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடுகிறது. அடை 21 நாள். அதன்பின் குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் திரிகிறது. அந்தக் காலம் முழுவதும் முட்டை கிடையாது. இவ்வாறு ஆண்டுக்குச் சில ஈடுகள்தான் வரும் என்பதால், மொத்தத்தில் 60 முதல் 70 முட்டை வரை எதிர்பார்க்கலாம். இது அந்தக் கோழியின் குறையன்று. தன் இனத்தைத் தானே பெருக்கிக்கொள்ளும் குணம் அதனிடம் முழுமையாக இருக்கிறது என்பதற்கு இதுவே அடையாளம். அதிக முட்டைக்காகத் தேர்வு செய்யப்பட்ட இனங்களில், தலைமுறை தலைமுறையாக அடைக்கு உட்காராத பெட்டைகளையே பெருக்கியதால், அந்தக் குணம் பெரும்பாலும் நீங்கிவிட்டது. ஆகவே முட்டை கூடுவதும் அடை மறைவதும் ஒன்றையொன்று தொடர்ந்தே வருகின்றன. உங்கள் மாமியார் சிறுவிடையை விடக்கூடாது என்று சொல்வது முற்றிலும் சரி. நாட்டுக்கோழி முட்டையில் சத்து அதிகம் என்பது அவர் சொல்லும் காரணமாக இருந்தால், அதைவிட வலுவான காரணம் இருக்கிறது: குஞ்சு பொரித்து, கீரிக்கும் பருந்துக்கும் காட்டாமல் வளர்த்தெடுக்கும் தாய்க்கோழி உங்கள் வீட்டில் வேறு எதுவும் இல்லை. முட்டை ஓட்டின் நிறத்துக்கும் சத்துக்கும் தொடர்பில்லை. ஓட்டின் நிறம் இனத்தைப் பொறுத்தது, மஞ்சள் கருவின் ஆழ்ந்த நிறம் கோழி தின்னும் கீரையையும் புல்லையும் பொறுத்தது. நந்தனம் கோழி உங்கள் கொல்லையில் மேய்ந்தால் அதன் கருவும் அதே நிறத்தில்தான் இருக்கும் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இப்போது கொழுந்தனார் சொன்ன பி.வி. 380. இது பழுப்பு முட்டையிடும் வணிகக் கலப்பினம்; நல்ல பராமரிப்பில் ஆண்டுக்கு 280 முட்டை வரை இடக்கூடியது. அந்த எண்ணிக்கையில் பொய்யில்லை. ஆனால் அது கூண்டில் நின்று, நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் சமச்சீர் முட்டைக்கோழித் தீவனம் தின்று, 16 மணி நேர வெளிச்சத்தில் இடும் எண்ணிக்கை. இத்தகைய கோழிகளை 16 வார வயதில் வாங்கும்போது பெரும்பாலும் அலகு வெட்டப்பட்டிருக்கும். கூண்டில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்கச் செய்யப்படும் அந்த ஏற்பாடு, மண்ணைக் கிளறிப் புழுவைப் பொறுக்க வேண்டிய கொல்லையில் கோழிக்குப் பெரிய ஊனமாகிவிடுகிறது. தீவனத்தைக் குறைத்தால் முட்டை உடனே நின்றுபோகும். நாமக்கல் பண்ணைகளில் காணும் வெள்ளை லெக்ஹார்ன் வழிக் கோழிகளுக்கும் இது பொருந்தும்; அவற்றின் வெள்ளை நிறம் பருந்தின் கண்ணில் எளிதாகப் படும் என்பது கூடுதல் இடர். புறக்கடைக்கென்று உருவாக்கிய இனங்களைப் பல நிறங்களில் உருவாக்கியதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.

இங்கே தீவனக் கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பி.வி. 380 நாளைக்கு 115 கிராம் தின்றால் ஆண்டுக்கு 42 கிலோ; 280 முட்டைக்கு வகுத்தால் முட்டைக்கு 150 கிராம். கிராமப்பிரியாவுக்கு மேய்ச்சலோடு நாளைக்கு 70 கிராம் கொடுத்து 150 முட்டை பெற்றால், முட்டைக்கு 170 கிராம். சிறுவிடைக்கு நாளைக்கு 30 கிராம் தானியம் எறிந்து 65 முட்டை பெற்றால், அதுவும் ஏறக்குறைய 170 கிராம்தான். முட்டை ஒன்றுக்கு ஆகும் தீவனம் மூன்றிலும் பெரிதாக வேறுபடவில்லை என்பதைப் பாருங்கள். வேறுபடுவது அந்தத் தீவனம் எங்கிருந்து வருகிறது என்பதுதான். முதலாவதற்கு முழுவதையும் கடையில் மூட்டையாக வாங்க வேண்டும். இரண்டாவதற்குப் பாதியை வீட்டிலுள்ள சோளம், கம்பு, குருணை, தவிடு ஆகியவற்றால் ஈடுகட்டலாம். மூன்றாவதற்குச் சிந்துவதும் சிதறுவதுமே போதும். உங்களுக்குத் தோட்டம் இருக்கிறதா, தானியம் விளைகிறதா என்று நீங்கள் எழுதவில்லை. விளைவதாக இருந்தால் நான் சொல்லும் பன்னிரண்டு பெட்டைகள் உங்களுக்குச் சுமையாக இரா. எல்லாவற்றையும் விலைக்கு வாங்குவதாக இருந்தால் புதிய பெட்டைகளை எட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொன்றைப் பலரும் கவனிப்பதில்லை. பத்து சென்ட் கொல்லையில் கிடைக்கும் புழு, பூச்சி, கரையான், புல்விதை ஆகியவற்றுக்கு ஓர் அளவு உண்டு. ஒன்பது கோழிகள் அதைப் பங்கிட்டுக்கொண்ட இடத்தில் பதினெட்டு வந்து நின்றால் புழுக்கள் இரட்டிப்பதில்லை. ஒவ்வொன்றின் பங்கும் பாதியாகிறது. அதனால் புதுக்கோழிகள் எதிர்பார்த்தபடி இடாததோடு, பழைய சிறுவிடைகளின் முட்டையும் குறையும். அப்போது பழி இனத்தின் மேல் விழுகிறது. கோழிகளைக் கூட்டும் நாளிலிருந்தே கைத்தீவனத்தையும் கூட்ட வேண்டும் என்பதை மனத்தில் வையுங்கள். மாலையில் பழம்பானையில் சாணமும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் திணித்து, நீர் தெளித்து, கரையான் நடமாடும் இடத்தில் கவிழ்த்து வைத்தால் காலையில் கரையான் திரண்டிருக்கும்; குஞ்சுகளுக்கு அதைவிட நல்ல புரதம் செலவின்றிக் கிடைக்காது. முருங்கைக் கீரையும், நீரில் மிதந்து வளரும் அசோலாவும் உதவும். கடலைப் புண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தால் ஒரு பிடிகூடப் போடாதீர்கள். அதன் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுத்து முட்டையை நிறுத்திவிடும். ஒவ்வொரு முட்டை ஓட்டுக்கும் ஏறக்குறைய 2 கிராம் சுண்ணாம்புச் சத்து கோழியின் உடலிலிருந்து போகிறது. எனவே உடைத்த கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் எப்போதும் வைத்திருங்கள். வேண்டிய அளவைக் கோழியே தின்றுகொள்ளும்.

கருங்கோழியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கடக்நாத் என்னும் இக்கோழி மத்தியப் பிரதேசத்தின் ஜாபுவா, தார் பகுதிகளுக்குரிய அருமையான இனம். ஜாபுவாவின் கடக்நாத் இறைச்சிக்கு 2018-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனால் அதன் மதிப்பு கறுத்த இறைச்சிக்கு. முட்டை ஆண்டுக்கு நூறை ஒட்டித்தான் வரும். முட்டையின் ஓடும் கறுப்பாக இராது. அடைக்கும் சரியாக உட்காராது. உங்களுக்குத் தேவை முட்டை என்பதால் இது உங்களுக்கான கோழியன்று. குஞ்சின் விலை எந்த இனத்தில் மிக உயரமாகச் சொல்லப்படுகிறதோ, அந்த இனத்தில் வருமானம் முட்டையிலிருந்து வருகிறதா அல்லது அடுத்தவருக்குக் குஞ்சு விற்பதிலிருந்து வருகிறதா என்று கேட்டுப் பாருங்கள். பெருவிடை என்று நாம் சொல்லும் அசீல் வகையையும் இதே காரணத்தால் விலக்குகிறேன். ஆண்டுக்கு நாற்பது ஐம்பது முட்டை, அதற்குமேல் சண்டைக் குணம். வனராஜா கனத்த உடல் கொண்டது, இறைச்சிக்கும் முட்டைக்கும் பொதுவானது; 100 முதல் 110 முட்டை இடும்; ஆனால் நாயோ கீரியோ வந்தால் சிறுவிடையைப் போலப் பறந்து தப்பாது. நம் நாட்டு இனங்களுக்குள்ளேயே அதிக முட்டையிடுவது அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் நிக்கோபாரிக் கட்டைக்கால் கோழி. 140 முட்டைக்கு மேல் இடும். நம்பகமான இடத்திலிருந்து குஞ்சு கிடைக்குமானால் அதை நான் மனமார வரவேற்பேன், ஆனால் கிடைப்பது அரிது.

நந்தனம் கோழி-1, சென்னை நந்தனத்தில் இயங்கிய கோழி ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கியது. தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வெளியீடு. ரோட் ஐலண்ட் ரெட் இனத்திலிருந்து தேர்ந்து உருவாக்கியது. அமெரிக்க இனமாயிற்றே என்று மாமியார் தயங்கினால், அந்த இனம் 19-ஆம் நூற்றாண்டில் உருவானபோது அதில் கலந்த இரத்தங்களுள் நம் கிழக்குத் திசையின் மலாய்ச் சேவலும் ஒன்று என்று சொல்லலாம். புறக்கடையில் ஆண்டுக்கு 140 முட்டை வரை எதிர்பார்க்கலாம். கிராமப்பிரியா, ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி இயக்ககத்தில் முட்டைக்கென்றே உருவாக்கிய நிறக்கோழி. நல்ல தீவனத்தில் இதைவிட அதிகமும் இடும், ஆனாலும் கொல்லைக்கு 150 என்றே கணக்கு வையுங்கள். இரண்டும் பழுப்பு முட்டை. இரண்டும் ஐந்தரை ஆறு மாதத்தில் முட்டைக்கு வரும். உங்கள் ஊருக்கு அருகில் எதன் குஞ்சு தொடர்ந்து கிடைக்கிறதோ அதை எடுங்கள். மூன்றாண்டு கழித்தும் அதே இனத்தை அதே இடத்தில் வாங்க முடியும் என்பது, முட்டைக் கணக்கில் பத்து கூடுவதைவிட முக்கியமானது. கால்நடை மருந்தகத்திலோ, மாவட்டத்தின் வேளாண் அறிவியல் நிலையத்திலோ கேட்டால் எங்கு கிடைக்கும் என்று சொல்வார்கள்.

பன்னிரண்டு கிராமப்பிரியாவின் 1,800 முட்டையும், ஐந்து சிறுவிடையின் 325 முட்டையும் சேர்ந்தால் ஆண்டுக்கு 2,125. ஆறு பேருக்கு நாளைக்கு ஒன்று என்றால் 2,190 வேண்டும். சிறுவிடை முட்டைகளில் ஒரு பகுதி அடைக்குப் போகும். ஆக, வீட்டுத் தேவைக்குச் சற்றுக் குறைவாக வரும் கணக்கு இது. விற்பதற்கென்று எதுவும் மிஞ்சாது. முட்டைக்கு வந்த முதல் சில மாதங்களில் நாளைக்கு எட்டு ஒன்பது கிடைக்கும்போது அக்கம்பக்கத்தில் கொடுக்கலாம். சித்திரை வைகாசி வெயிலில் கோழிகள் அலகைத் திறந்து இளைக்கும்போது மூன்று நான்காகக் குறையும், முட்டை ஓடும் மெலியும். விற்பனையை நம்பி முப்பது நாற்பதாகப் பெருக்கும் எண்ணம் இருந்தால், அது வேறு தொழில். முதல் ஓராண்டு இந்தப் பதினேழு பெட்டைகளோடு பழகியபின் முடிவு செய்யுங்கள்.

வாங்கும் முறைக்கு வருகிறேன். ஒருநாள் குஞ்சுகளைப் பாலினம் பிரிக்காமல்தான் பல இடங்களில் தருவார்கள். பாதி சேவலாக இருக்கும். பன்னிரண்டு பெட்டை வேண்டுமானால் முப்பது குஞ்சு எடுக்க வேண்டும். சேவல்களை நான்கு மாதத்துக்குள் இறைச்சிக்குக் கொடுத்துவிடலாம். அந்தப் பணம் தீவனச் செலவில் ஒரு பகுதியைத் தாங்கும். சைக்கிளில் சாயம் பூசி விற்கும் வண்ணக் குஞ்சுகளை வாங்காதீர்கள். அவை முட்டைக்கோழிப் பொரிப்பகங்களில் கழிக்கப்படும் சேவல் குஞ்சுகள்.

தை மாதத்தில் குஞ்சு இறக்குவது உங்கள் பகுதிக்குப் பொருத்தம். ஐப்பசி கார்த்திகை மழையில் குஞ்சு வளர்ப்பது கடினம். ஈரத் தரையில் இரத்தக் கழிச்சல் வந்து நான்கைந்து நாளில் பாதியைக் கொண்டுபோய்விடும். தையில் இறக்கிய குஞ்சு கோடையை வளர்கோழியாகக் கடந்து, ஆடி ஆவணியில் முட்டைக்கு வரும். முதல் மூன்று நான்கு வாரம் தனியாக, அட்டைத் தடுப்புக்குள் உமி பரப்பி, குஞ்சுக்கு 2 வாட் என்ற கணக்கில் 60 வாட் குண்டு பல்பின் வெப்பத்தில் வையுங்கள். குஞ்சுகள் பல்பின் கீழ் குவிந்தால் குளிர், விளிம்புக்கு ஓடினால் சூடு. பரவலாகப் படுத்திருந்தால் சரி. வேறு கருவி தேவையில்லை.

தடுப்பூசியில் தயவுசெய்து எந்தச் சலுகையும் காட்டாதீர்கள். வெள்ளைக் கழிச்சல் என்றும் ராணிக்கெட் என்றும் சொல்லும் நோய்தான் நம் கிராமங்களில் கோழிகளைக் கூண்டோடு அழிக்கிறது. குஞ்சுக்கு இதற்காக ஏழாம் நாள் கண்ணிலும் மூக்கிலும் சொட்டு மருந்து, பதினான்காம் நாள் கம்போரோ என்னும் குஞ்சு நோய்க்கான மருந்து, நான்காம் வாரம் மறுபடி வெள்ளைக் கழிச்சலுக்கு லசோட்டா மருந்து, எட்டாம் வாரம் அதற்கே இறக்கையில் ஊசி, அம்மைக்கு ஏழாவது வாரத்தை ஒட்டி ஊசி என்பது வழக்கமான வரிசை; உங்கள் பகுதி மருத்துவர் சொல்லும் நாளை வைத்துச் சிறிது மாற்றிக்கொள்ளலாம். இறக்கை ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கம் செய்யுங்கள். கால்நடை பராமரிப்புத் துறை ஆண்டுதோறும் பிப்ரவரியை ஒட்டி நடத்தும் இலவச முகாமில் உங்கள் பழைய கோழிகள் ஒன்றுவிடாமல் போட்டுக்கொள்ளட்டும். தையில் வரும் குஞ்சுகளுக்கு அப்போது எட்டு வாரம் ஆகியிராது என்பதால், பங்குனியில் மருந்தகத்துக்குத் தனியாக எடுத்துச் செல்ல வேண்டியிருக்கும். முட்டையிட்டுக் கொண்டிருக்கும்போது அந்த இறக்கைத் தடுப்பூசியைப் போட்டால் சில நாள் முட்டை குறையும். ஆகையால் முட்டைக்கு வருவதற்கு முன்பே முடித்துவிடுவது நல்லது.

வளர்ந்த கோழிகளை வாரச்சந்தையில் வாங்கி அன்றே பழையவற்றோடு விட்ட ஒரு குடும்பத்தை நான் அறிவேன். பத்தாம் நாள் என்னை அழைத்தார்கள். போனபோது பஞ்சாரத்தின் கீழ் மூன்று கோழிகள் கழுத்தைத் திருகிக்கொண்டு கிடந்தன. மற்றவை ஏற்கனவே புதைக்கப்பட்டிருந்தன. அந்த வீட்டு அம்மாள் பதினைந்து வருடமாக அறுபடாமல் காத்துவந்த சிறுவிடை வழி அன்றோடு முடிந்தது. ஆகவே எந்த வயதில் வாங்கினாலும் மூன்று வாரம் தனியே வைத்துப் பாருங்கள். அவற்றுக்குத் தீவனம் வைத்த கையோடும் அதே செருப்போடும் பழைய கோழிகளிடம் போகாதீர்கள்.

சேர்க்கும்போதும் அவசரம் கூடாது. கம்பிவலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக இரண்டு வாரம் ஒன்றையொன்று பார்த்துப் பழகட்டும். பிறகு ஒரு மாலை, இருட்டியபின், புதியவற்றைக் கூட்டுக்குள் விடுங்கள். தீவனமும் தண்ணீரும் மூன்று இடங்களில் வையுங்கள். ஒரே சட்டியாக இருந்தால் சிறுவிடைகள் உருவில் சிறியவையாக இருந்தாலும் பழைய குடிகள் என்பதால் புதியவற்றை நெருங்கவிடமாட்டா. கூட்டுக்குக் கோழிக்கு 2 சதுர அடி போதும். நான்கடி அகலம், ஒன்பதடி நீளம், தரையிலிருந்து இரண்டடி உயரம், கீரியின் தலை நுழையாத வலை. முட்டையிட ஐந்து கோழிக்கு ஒரு கூடை என்று இருண்ட மூலையில் வையுங்கள்.

இரண்டாம் ஆண்டில் இறகு உதிர்த்தபின் இந்தப் பெட்டைகளின் முட்டை குறையும். எல்லாவற்றையும் ஒரே ஆண்டில் கழித்துவிட்டு மறுபடி தொடங்கினால் ஆறு மாதம் வீட்டில் முட்டை இராது. அடுத்த தையிலிருந்து ஆண்டுக்கு ஆறு பெட்டைகள் என்று மாற்றிக்கொண்டே வந்தால், கூட்டில் எப்போதும் பாதி இளங்கோழியாக இருக்கும்.

இனி அடை பற்றிய உங்கள் கேள்வி. கிராமப்பிரியா கலப்பினம், அதன் முட்டையைப் பொரித்தால் குஞ்சு வரும், ஆனால் தாயின் முட்டைத்திறன் அப்படியே வராது, குஞ்சுக்குக் குஞ்சு மாறும். உங்களிடம் இருப்பது சிறுவிடைச் சேவல் என்பதால் நந்தனம் பெட்டையின் முட்டையிலும் இரண்டுக்கும் இடைப்பட்ட கலப்பே பிறக்கும். வீட்டு இறைச்சிக்கு அது தாராளமாக ஆகும். முட்டைக்கோழியாக எண்ணி வளர்க்க வேண்டாம். அடைக்குச் சிறுவிடையின் சிறிய, வெளிர்நிற முட்டைகளையே வையுங்கள். பழுப்பு முட்டை முழுவதும் அடுப்படிக்குப் போகட்டும். பெரிய உடல் வேண்டும் என்று பெருவிடைச் சேவலைக் கொண்டுவந்து விடாதீர்கள். சிறுவிடை வழி ஓரிரு தலைமுறையில் கலங்கிவிடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை வேறு ஊரிலிருந்து ஒரு நல்ல சிறுவிடைச் சேவலை மாற்றிக்கொண்டால் போதும். அடை வேண்டாத காலத்தில் பெட்டை உட்கார்ந்தால், மூக்கில் இறகு கோர்ப்பதும் தண்ணீரில் முக்குவதும் வேண்டாம். அடியிலும் காற்றுப் போகும் கம்பிக் கூண்டில், வெளிச்சமான இடத்தில், தீவனமும் தண்ணீரும் கொடுத்து நான்கு நாள் வைத்திருந்தால் அடை கலைந்துவிடும். சில வாரங்களில் மறுபடி முட்டைக்கு வரும்.